திரை அணைந்தால் வண்டி நிற்குமா? கார் டேஷ்போர்டுக்குள் ஓடும் இயங்குதளங்கள்

கோவை அவிநாசி ரோட்டு ஷோரூம்களில் மைலேஜ் விசாரித்து முடித்ததும் பேச்சு நேராக டேஷ்போர்டு நடுவில் இருக்கும் திரைக்குப் போய்விடுகிறது. எத்தனை இன்ச், ஆண்ட்ராய்டு ஆட்டோ ஒயர் இல்லாமல் வருமா, கேமரா எத்தனை. சேல்ஸ் தம்பி விரலால் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டிருப்பார். கூட வந்த பெரியவர் அதுவரை பேசாமல் பார்த்துவிட்டுக் கேட்பார்: "ஏனுங் தம்பி, இந்த டிவி ஆஃப் ஆயிப்போச்சுன்னா வண்டி நடுரோட்டுல நின்னுக்குமுங்களா?"

அங்கே கேட்கப்படும் கேள்விகளிலேயே நல்ல கேள்வி இதுதான். இதற்கு முழுதாகப் பதில் சொன்னால் கார் இயங்குதளம் என்றால் என்ன என்பது பாதிக்குமேல் விளங்கிவிடும்.

நிற்காது. நடுத்திரை கறுத்துப் போனாலும் இன்ஜின் ஓடும், பிரேக் பிடிக்கும், ஸ்டீரிங் திரும்பும். காரணம், இன்றைய காருக்குள் இருப்பது ஒரு கணினி இல்லை. சில டஜன் சிறு கணினிகள். இன்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, கதவுக் கண்ணாடிகளுக்குக்கூட ஒன்று. நடுத்திரைக்குப் பின்னால் இருப்பதும் அவற்றில் ஒன்றுதான். ஒவ்வொன்றுக்கும் தனி மென்பொருள். அவை ஒரே குணம் கொண்டவையும் அல்ல.

முதலில் இயங்குதளம். உங்கள் செல்போனில் பாட்டு ஓடுகிறது, வாட்ஸ்அப் செய்தி வருகிறது, மேப் வழி சொல்கிறது. இருப்பது ஒரே சிப், ஒரே மெமரி, ஒரே திரை. இதில் யாருக்கு எவ்வளவு, யார் முதலில், யார் காத்திருக்க வேண்டும் என்று பங்கு பிரித்துக் கொடுக்கும் அடிப்படை மென்பொருளுக்குத்தான் இயங்குதளம் என்று பெயர். செல்போனில் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ். கம்ப்யூட்டரில் விண்டோஸ், லினக்ஸ். காரிலும் அதே வேலைதான். ஆனால் பங்கு பிரிப்பதில் ஒரு நொடி பிசகினால் என்ன ஆகும் என்பது காரில் இடத்துக்கு இடம் வேறுபடும். பாட்டு ஒரு நொடி நின்றால் யாருக்கும் நட்டமில்லை. பிரேக் ஒரு நொடி நின்றால் உயிர் போகும்.

ஒரு காலத்தில் இந்தக் கவலையே கிடையாது. அவிநாசி ரோட்டிலேயே இருக்கும் ஜீடி கார் மியூசியத்துக்குப் போனால் பழைய வண்டிகளின் மீட்டர்களைக் கிட்டே நின்று பார்க்கலாம். அம்பாசடர் தலைமுறை ஸ்பீடோமீட்டரில் கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் சுழன்றுகொண்டே மீட்டர் வரை வரும். அதன் முனையில் சிறு காந்தம். காந்தத்தை மூடியபடி, தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம். காந்தம் சுழன்றால் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அதையும் கூடவே இழுக்கும். ஒரு மெல்லிய ஸ்பிரிங் தடுத்துப் பிடிக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும், அதுதான் வேகம். பேட்டரி செத்தாலும் அந்த முள் வேலை செய்யும். மீட்டர் செய்வது நம்மூருக்குப் பழகிய தொழில்தான்: பெரியநாயக்கன்பாளையத்தில் 1975-இல் தொடங்கிய பிரிக்கால் அதில்தான் பேர் எடுத்தது. இப்போது முள் மீட்டரோடு டிஜிட்டல் திரை மீட்டரும் அங்கே செய்கிறார்கள். சரவணம்பட்டி தாண்டிக் கீரணத்தத்தில் பாஷ் நிறுவனத்தின் மென்பொருள் மையம் இருக்கிறது. டேஷ்போர்டுக்குள் போன மாற்றம் கோவையில் பல வீடுகளுக்குச் சம்பளமாகவும் வருகிறது.

கேபிளுக்குப் பதில் சென்சார் வந்தது. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரி ஓட்டுநர்கள் 'சென்சார் வண்டி' என்று சொல்வது இதைத்தான். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமான பிறகு, புகையை அளந்து டீசலைத் திருத்தும் கணினி இல்லாமல் புது லாரியே கிடையாது. இத்தனை கணினிகளும் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் இழுத்தால் வண்டி முழுக்க ஒயராகிவிடும். பாஷ் 1986-இல் வெளியிட்ட கேன் என்ற முறை இதைத் தீர்த்தது. முறுக்கிய இரண்டே ஒயர். எல்லாக் கணினிகளும் அதிலேயே தொங்கும். ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும், வேண்டியவர் எடுத்துக்கொள்வார்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால்? இந்த இடத்தில்தான் கேன் எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. எண் சிறியதாக இருக்கும் செய்திக்குத்தான் வழி. மற்றவர் தாமாகவே ஒதுங்கி, அது முடிந்ததும் மறுபடி பேசுவார். யாரும் நடுவில் நின்று பஞ்சாயத்து செய்யத் தேவையில்லை. அவசரச் செய்திகளுக்குச் சிறிய எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும், 'பின்கதவு சரியாகச் சாத்தவில்லை' என்ற செய்தி பிரேக் செய்தியை ஒருநாளும் மறிக்காது. சேலம் பைபாஸில் 100-ஐத் தொடும்போது பாட்டுச் சத்தம் தானாகக் கூடுகிறது அல்லவா, அதுவும் நடுத்திரைக் கணினி இந்த ஒயரில் வரும் வேகத்தைக் கேட்டுச் செய்வதுதான்.

இனி இயங்குதளங்களின் குணம். பிரேக், ஏர்பேக், இன்ஜின் கணினிகளில் இருப்பவை 'ரியல் டைம்' வகை. இவற்றுக்கு வேகத்தைவிட நேரந்தவறாமை முக்கியம். தாராபுரம் ரோட்டில் மழை ஈரத்தில் மாடு குறுக்கே வந்து பிரேக்கை மிதிக்கிறீர்கள். சக்கரம் பூட்டிக்கொள்கிறதா என்று ஏபிஎஸ் கணினி நொடிக்குப் பலமுறை பார்த்து, பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். மோதினால் ஏர்பேக் விரிய வேண்டுமா என்ற முடிவு சில பத்து மில்லிசெகண்டுக்குள் எடுக்கப்பட வேண்டும். ஒரு மில்லிசெகண்ட் என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அங்கே சரியான விடை தாமதமாக வந்தால் அது தவறான விடைதான். அதனால் இந்த இயங்குதளங்கள் மிகச் சிறியவை. புதிதாக ஆப் ஏற்ற முடியாது, என்னென்ன வேலை, எது எதற்கு முன் என்பதெல்லாம் தொழிற்சாலையிலேயே தீர்மானிக்கப்பட்டிருக்கும். கார் நிறுவனங்கள் 2003-இல் கூடி உருவாக்கிய ஆட்டோசார் என்ற பொது வரையறையை ஒட்டியே இவற்றில் பல எழுதப்படுகின்றன. இவற்றை நீங்கள் கண்ணால் பார்க்கவே மாட்டீர்கள்.

கண்ணால் பார்ப்பது நடுத்திரை. இதன் குணம் நேர் எதிர்: நிறைய வேலை தெரிந்திருக்க வேண்டும், அழகாக இருக்க வேண்டும், எப்போதாவது ஒரு நொடி திணறினால் பொறுத்துக்கொள்ளலாம். இதற்குள் மூன்று பெயர்கள் முக்கியம்.

முதலாவது கியூஎன்எக்ஸ். 1980-இல் கனடாவில் இரண்டு இளைஞர்கள் தொடங்கியது, 2010 முதல் பிளாக்பெரி கையில் இருக்கிறது. பிளாக்பெரி போன் மறைந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்: 25 கோடி வாகனங்களுக்கு மேல் தன் கியூஎன்எக்ஸ் ஓடுவதாக அந்த நிறுவனம் சொல்கிறது. இதன் சிறப்பு உள்கட்டமைப்பில். மையப் பகுதியை மிகச் சிறியதாக வைத்துவிட்டு, ஆடியோ, நெட்வொர்க், கோப்பு முறை எல்லாவற்றையும் தனித்தனியே வெளியில் ஓடவிடும். ஆடியோ விழுந்தால் ஆடியோவை மட்டும் எழுப்பிவிடலாம், மற்றவை அசையாது. விண்டோஸ் அடிப்படையில் 2007-இல் சிங்க் என்ற முறையைக் கொண்டுவந்த ஃபோர்டு, பின்னால் சிங்க் 3-க்கு கியூஎன்எக்ஸுக்கு மாறியது.

இரண்டாவது லினக்ஸ். 2012-இல் தொடங்கிய ஆட்டோமோட்டிவ் கிரேடு லினக்ஸ் கூட்டுமுயற்சியின் மென்பொருள், 2018 மாடல் டொயோட்டா கேம்ரியில் வந்தது. டெஸ்லாவின் திரைக்குப் பின்னாலும் லினக்ஸ்தான். மூன்றாவது ஆண்ட்ராய்டு, கூகுள் காருக்கென்றே 2017-இல் அறிவித்த ஆண்ட்ராய்டு ஆட்டோமோட்டிவ். இதைக் கொண்டு முதலில் வந்த கார் 2020-இல் போல்ஸ்டார் 2. அட்ரெனாக்ஸ், ப்ளூலிங்க், ஸ்மார்ட்ப்ளே என்று நம்மூர் விளம்பரங்களில் வருபவை நிறுவனங்கள் தங்கள் திரைக்கும் சேவைக்கும் வைத்துக்கொண்ட பெயர்கள். அடியில் ஓடும் இயங்குதளம் வேறு.

இப்போது எல்லோரும் குழம்பும் இடம். ஆண்ட்ராய்டு ஆட்டோ வேறு, ஆண்ட்ராய்டு ஆட்டோமோட்டிவ் வேறு. ஆட்டோமோட்டிவ் என்பது காருக்குள்ளேயே குடியிருக்கும் இயங்குதளம். போனை வீட்டில் மறந்துவிட்டு வந்தாலும் ஓடும். ஆண்ட்ராய்டு ஆட்டோவும் ஆப்பிள் கார்ப்ளேயும் இயங்குதளமே அல்ல. அவை உங்கள் போனில்தான் ஓடுகின்றன. போன் மேப்பை வரைந்து, வீடியோவாக மாற்றி, கேபிள் வழியாகவோ வைஃபை வழியாகவோ காருக்கு அனுப்புகிறது. கார் அந்த வீடியோவைக் காட்டுகிறது. நீங்கள் திரையில் விரல் வைத்தால், எந்த இடத்தில் வைத்தீர்கள் என்ற கணக்கு போனுக்குத் திரும்பிப் போகிறது. மைக்கில் பேசியதும் அப்படியே. ஒயர் இல்லாத முறையில் ப்ளூடூத் முதலில் அறிமுகம் செய்துவைக்கும், பிறகு வைஃபைதான் பாரம் சுமக்கும்.

இது தெரிந்தால் பாதிக் கோளாறுக்குச் சர்வீஸ் சென்டர் போக வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு ஆட்டோ அடிக்கடி அறுந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டேட்டா ஓடாது. மேப் திக்கினால் பெரும்பாலும் திக்குவது போன். வெயிலில் ஒயர்லெஸ் சார்ஜர் மேல் கிடந்து, வைஃபையில் வீடியோவும் அனுப்பிக்கொண்டிருக்கும் போன் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பண்ணாரி தாண்டித் திம்பம் ஏறும்போது டவர் போய்விடும். 27 கொண்டை ஊசி வளைவிலும் நீலப் புள்ளி மட்டும் விடாமல் நகர்ந்துகொண்டிருக்கும், ஏனென்றால் இருப்பிடம் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது, அதற்கு டவர் வேண்டாம். ஆனால் புள்ளியைச் சுற்றி வரைய வேண்டிய மேப் இணையத்திலிருந்து வருவது. சத்தியமங்கலத்திலேயே ஆஃப்லைன் மேப்பை இறக்கி வைத்துவிட்டால் மேலே போய்த் தடுமாற வேண்டாம்.

ஸ்டீரிங்குக்குப் பின்னால் இருக்கும் டிஜிட்டல் மீட்டர் இரண்டு குணத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அழகாகவும் இருக்க வேண்டும், ஆயில் பிரஷர் விளக்கு, பிரேக் விளக்கு ஒருநாளும் தவறவும் கூடாது. இப்போது பல கார்களில் செலவைக் குறைக்க ஒரே சிப் மீட்டரையும் நடுத்திரையையும் சேர்த்து ஓட்டுகிறது. அதில் எப்படி நம்புவது? ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் அடியில் நின்று சிப்பை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரே ஓட்டுக்கூரைக்குக் கீழே நடுச்சுவர் எழுப்பி அண்ணனும் தம்பியும் தனித்தனி அடுப்பு வைத்துக்கொள்வதைப் போல: கூரை பொது, மின்சாரம் பொது, ஒரு பக்கம் அடுப்பு அணைந்தால் மறுபக்கச் சோறு வேகாமல் போகாது. மீட்டர் பக்கம் கியூஎன்எக்ஸ் போன்ற உறுதியான ஒன்று, பாட்டுப் பக்கம் ஆண்ட்ராய்டு. ஆண்ட்ராய்டு உறைந்துபோனாலும் வேகம் காட்டுவது நிற்காது.

ரிவர்ஸ் கேமராவிலும் இதே கவனம் உண்டு. வண்டியை ஸ்டார்ட் செய்தவுடன் பின்கியர் போட்டால், ஆண்ட்ராய்டு முழுதாக எழுந்து வரும்வரை குழந்தை பின்னால் நிற்கிறதா என்று தெரியாமல் காத்திருக்க முடியாது. அமெரிக்கச் சட்டப்படி பின்கியர் விழுந்த 2 நொடிக்குள் படம் வந்தாக வேண்டும். அதற்காகக் கேமராப் படத்தை மட்டும் குறுக்கு வழியில் நேராகத் திரைக்கு அனுப்பும் சிறு பகுதி தனியாக வைக்கப்படுகிறது. தினமும் ஓட்டும் வண்டியில் திரை சட்டென்று வருவதும், தோட்டத்தில் சில நாள் நின்ற வண்டியில் மெதுவாக வருவதும் கோளாறு இல்லை. சாவியை எடுத்ததும் கணினி முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். நாள் கடந்தால் 12 வோல்ட் பேட்டரியைக் காப்பாற்ற முழுதாக அணைந்துகொள்ளும். பல வண்டிகளில் இப்படித்தான்.

இவ்வளவு யோசித்தும் தவறுகள் நடந்திருக்கின்றன. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 2014 முதல் 2017 வரையிலான மஸ்டா கார்களில், ஒரு குறிப்பிட்ட பொது வானொலி நிலையத்தைக் கேட்டவர்களின் திரை அணைந்து எழுந்து, அணைந்து எழுந்து, நிற்கவே இல்லை. அந்த நிலையம் பாட்டோடு அனுப்பிய படக்கோப்பின் பெயரில் இறுதியில் வர வேண்டிய 'ஜேபெக்' போன்ற வகைக்குறி விடுபட்டிருந்தது. அது என்ன கோப்பு என்று புரியாமல் மென்பொருள் விழுந்தது. எழுந்ததும் மறுபடி அதையே எடுத்துப் பார்த்தது. திரைக்குப் பின்னால் இருக்கும் கணினிப் பெட்டியையே மாற்ற வேண்டி வந்தது. வண்டி மட்டும் ஓடியது. பெரியவரின் கேள்விக்கு இதைவிட நேரடி சாட்சி வேண்டாம்.

டெஸ்லா கதை வேறு மாதிரி. பழைய மாடல் எஸ், எக்ஸ் கார்களில் 8 ஜிபி ஃபிளாஷ் மெமரி வைத்திருந்தார்கள். ஃபிளாஷ் மெமரியில் எழுதி அழிக்கும் தடவைக்கு ஓர் எல்லை உண்டு. நாள்தோறும் பதிவுகளை எழுதி எழுதி அது தேய்ந்தது. தேய்ந்ததும் திரை போனது, ரிவர்ஸ் கேமராவும் கூடப் போனது. 2021 பிப்ரவரியில் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். கம்ப்யூட்டரும் டயர் மாதிரித் தேயும் பாகம்தான் என்று கார் உலகம் அப்போது கற்றுக்கொண்டது.

பயப்பட வேண்டியது 2015-இல் நடந்தது. சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியை எங்கோ வீட்டில் உட்கார்ந்தபடி செல்போன் நெட்வொர்க் வழியாகப் பிடித்தார்கள். உள்ளே நுழைந்தது நடுத்திரை வழியாக. அங்கிருந்து கேன் ஒயருக்குப் போய்விட்டார்கள். 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. அந்தத் திரையில் ஓடியது கியூஎன்எக்ஸ்தான் என்பதையும் சொல்ல வேண்டும்; அடித்தளம் உறுதியாக இருந்தும், மேலே யாரோ ஒரு வாசலைத் திறந்து விட்டிருந்தார்கள். இன்று பல கார்களில் திரைக்கும் பிரேக் ஒயருக்கும் நடுவில் 'கேட்வே' என்ற தனிக் கணினி நின்று, எந்தச் செய்தி உள்ளே போகலாம் என்று பார்க்கிறது. திரைக்கு அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்வது புது வால்பேப்பருக்காக இல்லை, இதற்காக.

வெயிலுக்கு வருகிறேன். ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற சூழல் 0 முதல் 35 டிகிரி வரை என்று ஆப்பிளே சொல்கிறது. கரூரிலும் ஈரோட்டிலும் சித்திரை வெயில் 40-ஐத் தாண்டும். கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அதற்கும் மேல். காருக்கென்று செய்யும் சிப்கள் மைனஸ் 40-இலிருந்து 85, 105 டிகிரி வரை தாங்க வேண்டும் என்று சோதிக்கப்படுகின்றன. அந்தச் சோதனைக்கும் வண்டி வடிவமைப்புக்கும் வருடக் கணக்கில் ஆகும். அதனால்தான் புதுக் கார் திரை, அதே வருடம் வாங்கிய போனைவிடப் பழையதாகத் தெரிகிறது. தாங்குவதற்குக் கொடுத்த விலை அது, குறையென்று நினைக்க வேண்டாம்.

ஆனால் வயது நிஜமான பிரச்சினை. நம் பக்கம் ஒரு காரைப் பன்னிரண்டு, பதினைந்து வருடம் வைத்து ஓட்டுவது சாதாரணம். இன்ஜின் அதைத் தாங்கும். திரையின் மென்பொருளுக்கு அத்தனை வருடம் யார் அப்டேட் கொடுப்பார்கள்? 2022-இல் அமெரிக்காவில் 3ஜி சேவையை நிறுத்தியபோது, 3ஜி சிம்மோடு வந்த பல கார்களின் ரிமோட் வசதிகள் போயின. வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்ப்ளேயும் இருக்கும் காரைத்தான் வாங்கச் சொல்வேன். போனை மூன்று, நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம், திரையும் கூடவே புதிதாகிவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் 2023-இல் இனி வரும் தன் மின்சாரக் கார்களில் இவை இரண்டையும் விடப்போவதாக அறிவித்தது. வாங்குகிறவர் பக்கம் நின்று பார்த்தால் எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏசி, வைப்பர், அபாய விளக்கு மூன்றுக்கும் கையில் தட்டுப்படும் பட்டன் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டும்போது கண்ணைத் திரையில் வைத்துத் தேடக் கூடாதவை அவை.

பழைய காருக்குக் கடையில் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ போடுகிறவர்கள் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, வெர்ஷன். சில பெட்டிகளில் 'ஆண்ட்ராய்டு 13' என்று எழுத்தை மட்டும் மாற்றி வைத்திருப்பார்கள். சாதன விவரம் காட்டும் ஆப் ஒன்றை ஏற்றி 'ஏபிஐ லெவல்' என்ற எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 13 என்றால் அது 33 ஆக இருக்க வேண்டும். 29 என்று காட்டினால் உள்ளே இருப்பது ஆண்ட்ராய்டு 10. இன்னொன்று ஒயரிங். "ஒயரே வெட்ட மாட்டனுங்ணா, கப்ளர் டு கப்ளர்தானுங்" என்று சொல்லும் கடையிலேயே போடுங்கள், போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஸ்டீரிங் பட்டன் வேலை செய்ய ஒரு சிறிய கேன் பாக்ஸ் சேர்ப்பார்கள்; அது உங்கள் வண்டி மாடலுக்கானதா என்று கேளுங்கள். பிரேக்கும் இன்ஜினும் பேசிக்கொள்ளும் ஒயருக்கு அருகில் கைவைக்கும் வேலை அது. வெட்டிய ஒயரால் கோளாறு வந்தால் வாரண்டியும் கைவிட்டுப்போகும்.

காரை விற்கும்போதும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தொடர்பு எண்கள், அழைத்த விவரம், வீட்டு முகவரி, அடிக்கடி போன இடங்கள் எல்லாம் அந்தத் திரைக்குள் கிடக்கும். செட்டிங்ஸில் போய் 'ஃபேக்டரி ரீசெட்' கொடுங்கள், ப்ளூடூத் பட்டியலில் உங்கள் போன் போய்விட்டதா என்று பாருங்கள். சிம் உள்ள காராக இருந்தால் நிறுவன ஆப்பிலிருந்து வண்டியை நீக்கிவிடுங்கள். நீக்காவிட்டால் வாங்கியவரின் கார் எங்கே நிற்கிறது என்று உங்கள் போன் காட்டிக்கொண்டிருக்கும். பழைய கார் வாங்குகிறவரும், முந்தைய உரிமையாளர் இதையெல்லாம் செய்துவிட்டாரா என்று ஆர்சி புத்தகம் கைமாறும்போதே கேட்டுவிட வேண்டும்.